தேதி போடாத வரி

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அரசாங்கத்திடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்கள் "ஐயோ, என்ன கேஸு?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். நெதர்லாந்துக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அரசாங்க உறை என்றால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்துதான் பிரிப்பேன்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: உங்கள் ஓட்டுநர் உரிமம் இன்னும் சில மாதங்களில் காலாவதியாகிறது. புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். வரும்போது ஒரு புகைப்படம் கொண்டுவாருங்கள்.

இந்த ஊரில் எல்லாரும் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்துகிறார்கள். பல் டாக்டர் ஞாபகப்படுத்துகிறார். நூலகம் ஞாபகப்படுத்துகிறது. வீட்டுக்கு வீடு கழிப்பறைச் சுவரில் பிறந்தநாள் காலண்டர் ஒன்று தொங்கும். உட்கார்ந்த இடத்திலேயே மாமியார் பிறந்தநாளை மறக்காமல் இருக்க ஏற்பாடு. வந்த புதிதில் அதைப் பார்த்து, நாள் கிழமையைப் போய் இந்த இடத்திலா மாட்டுவார்கள் என்று நான் கூசிப்போனேன். இப்போது எங்கள் வீட்டிலும் தொங்குகிறது. அதில் என் கையெழுத்தில் பிறந்தநாள்கள், திதிகள், மேட்டூர் அணை திறக்கவேண்டிய நாள் எல்லாம் இருக்கின்றன. திறந்த நாளை எழுதப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

நாள் விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கு என்பது ஊருக்கே தெரியும். பதினேழு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதி, கரண்ட் போன தேதி, யார் வீட்டுப் பசு எப்போது ஈன்றது எல்லாம் அதில் இருக்கும். என் மனைவி வாசுகி யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவரு எதையும் மறக்க மாட்டாரு, கறிகாய் வாங்கறதத் தவிர" என்பாள்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. கூப்பிட்டது மலர்க்கொடி. எங்கள் தொகுதியின் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி. அவள் கேட்டது ஒரே ஒரு தேதி.

2

ஏன் கேட்டாள் என்பதற்கு ஒரு வாரம் பின்னால் போகவேண்டும்.

முந்தின வாரம் சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கை விவாதம். மலர்க்கொடி பேசிய நான்கு நிமிடத்தை அவள் கட்சிக்காரப் பையன்கள் வெட்டி, பின்னால் தாரை தப்பட்டை சேர்த்து, வாட்ஸப்பில் விட்டிருந்தார்கள். பதினோரு பேர் எனக்கு அனுப்பினார்கள். நான் பதினோரு தடவையும் பார்த்தேன்.

எதிர்க்கட்சி உறுப்பினர் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிப் பேசுவது எங்கள் பக்கம் புதிதில்லை. நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு கட்சிகள் மாறி மாறி ஆள்கின்றன. போன தடவை பதில் சொன்னவர் இந்தத் தடவை கேள்வி கேட்பார். கேட்டவர் பதில் சொல்வார். பழைய டைரிகளில் பேப்பர் செய்திகளை ஒட்டி வைத்திருக்கிறேன். பேச்சாளர் பெயரை மறைத்துவிட்டு வாசித்தால் எது யார் பேச்சு என்று எனக்கே தெரியாது. எங்கள் ஊரில் கூட்டணி மாறாமல் நின்ற ஒரே கட்சி வேலையில்லாத் திண்டாட்டம்தான்.

ஆனால் மலர்க்கொடியின் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"பேரவைத் தலைவர் அவர்களே, வேலைக்குப் பதிஞ்சிட்டுக் காத்திருக்கிறவங்க எத்தனை பேருன்னு அமைச்சர் சொன்னாரு. காத்திருந்து காத்திருந்து பேரே இல்லாமப் போனவங்க எத்தனை பேருன்னு சொல்லலியே. அதுல ஒருத்தி நான். வாத்தியார் டிரெயினிங் முடிச்சு ஒன்பது வருசம் காத்திருந்தேன். ரினீவலுக்குக் குடுத்த கார்ட ஆபீஸ்ல தொலைச்சுட்டு, ஒரே நாள்ல என்னை வரிசையோட கடைசில கொண்டுபோய் நிறுத்துனாங்க. என் ஒன்பது வருசத்த யாரு திருப்பித் தர்றது?"

அமைச்சர் எழுந்தார். சிரித்த முகம். "உறுப்பினர் எந்தத் தேதியில் அட்டையைக் கொடுத்தார் என்று எழுதிக் கொடுத்தால் விசாரிக்க அரசு தயாராக இருக்கிறது. கூடவே அப்போது யாருடைய ஆட்சி என்பதையும் பார்த்துவிடலாம்."

சபையில் சிரிப்பு. மலர்க்கொடி சிரிக்கவில்லை. "யாரு ஆட்சியா இருந்தா என்னங்க, போனது என் கார்டு. தேதியோட எழுதித் தர்றேன்."

தாரை தப்பட்டை உச்சத்துக்குப் போய் வீடியோ முடிந்தது. அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு போனவன் நான்.

3

மலர்க்கொடியும் நானும் ஒரே நாளில் பதிந்தவர்கள். எங்கள் ஊர் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். வெண்ணாற்றுக் கிளை வாய்க்காலின் கடைமடை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், மடத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள். அந்தப் பக்கம் மலர்க்கொடியின் தெரு. அவள் அப்பா காத்தையன் கூலி உயர்வுக்கு வயலில் கொடி நட்டவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் வந்த உபரி நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கருக்குப் பட்டா வாங்க எட்டு வருடம் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர். அறுவடைக்கு ஆள் விடுவதில் என் அப்பாவுக்கும் அவருக்கும் நடந்த தகராறுகள் என் டைரியில் வரிசையாக இருக்கின்றன. இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்ல மாட்டார்கள். "அந்தப் பக்கத்தான்" என்பார்கள், இரண்டு பேருமே.

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சேர்ந்து நின்ற ஒரே வரிசை எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் வரிசைதான். நான் பாலிடெக்னிக் டிப்ளமோ, அவள் ஆசிரியர் பயிற்சி. ஆனி மாதம், வெள்ளிக்கிழமை. அவள் எனக்கு முன்னால் நின்றாள். அதுவரை அவள் என்னோடு பேசியது குறைவு. பேசினால் "நீங்க" என்பாள். அவள் தெருவில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை அப்படித்தான் சொல்லப் பழக்கியிருந்தார்கள். நாங்கள் திருப்பி என்ன சொல்வோம் என்பதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு கார்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் எண்ணுக்கு அடுத்த எண் என்னுடையது.

"கோபாலு, இனிமே உன்னை நீன்னுதான் கூப்பிடுவேன்" என்றாள்.

"ஏன்?"

"நம்பர் பாரு. நான் சீனியர்."

அன்றிலிருந்து நீதான்.

4

பதிந்தால் போதாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த மாதத்தில் போய்ப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் கொஞ்சம் சலுகைக் காலம். அதுவும் தவறினால் பழைய பதிவு போயிற்று, முதலிலிருந்து வரிசை. ஒருவரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். வரிசை வருடக்கணக்கில் நகராது. ஆனால் நின்ற இடத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். சினிமாத் தியேட்டர் நாற்காலியில் கர்ச்சீப் போட்டுவிட்டு ஒன்பது வருடம் படத்துக்காகக் காத்திருப்பது மாதிரி.

தஞ்சாவூர் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் ஊரில் பாதிப் பேர் மறந்தார்கள். அப்போதுதான் என் கிறுக்குக்கு முதன்முதலாக மரியாதை கிடைத்தது. யார் யாருக்கு எந்த மாதம் ரினீவல் என்று டைரியில் குறித்துக்கொண்டு, எல்லார் கார்டையும் வாங்கிப்போய் ஜன்னலில் நின்று புதுப்பித்து வருவேன். டீச்சர், தட்டச்சு, ஐ.டி.ஐ. ஃபிட்டர் என்று இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் என்னிடம் கொடுத்தார்கள். ஜன்னலில் இருந்த குமாஸ்தா, "வாப்பா, ஊருக்கே ஜாமீன்தாரா நீ?" என்பார்.

மலர்க்கொடி முதல்முறை கார்டைக் கொடுத்தபோது காத்தையன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் இருப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல, "குத்தகைக்காரன் மவன் கையிலயா குடுக்கிற?" என்றார்.

"அவன் தேதி மறக்க மாட்டான்ப்பா" என்றாள்.

அந்த வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் இருந்தவை இரண்டு. காத்தையனின் பட்டா, மலர்க்கொடியின் கார்டு. முதல் ரினீவல், இரண்டாவது ரினீவல், இரண்டு தடவையும் ஒரு மடிப்பு விழாமல் அந்தப் பெட்டிக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

5

மூன்றாவது ரினீவலின்போது எனக்கு இந்த வேலை கிடைத்தது.

என் வேலையைப் பற்றிச் சொன்னால் கடைமடைக்காரர்கள் அடிக்க வருவீர்கள். தண்ணீர் வரவில்லை என்று சாலையில் உட்கார்ந்த ஊரில் பிறந்துவிட்டு, தண்ணீர் வந்துவிட்டதே என்று கவலைப்படுகிற ஊரில் சம்பளம் வாங்குகிறேன். இந்த நாட்டில் கால்வாசி கடலைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. இறைத்துக் கடலில் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அந்தப் பம்ப்புகளைப் பழுதுபார்ப்பவர்களில் நானும் ஒருவன். மழைச்சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் போய், நல்ல தண்ணீரை நாள் முழுக்கத் துரத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பேன்.

அந்த ஆனியில் விசா, மருத்துவச் சோதனை, சென்னைக்கும் ஊருக்கும் அலைச்சல். மற்றவர்கள் கார்டுகளை முதல் வாரமே புதுப்பித்துக் கொடுத்துவிட்டேன். என் கார்டையும் புதுப்பித்தேன். வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகும் சர்க்கார் வேலைக்கு இடம் பிடித்து வைக்கிற புத்தியை என்ன சொல்வது. மலர்க்கொடி அப்போது அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்திருந்தாள். அதையும் கார்டில் ஏற்றவேண்டும் என்று சான்றிதழ் நகலோடு கொடுத்தாள். நகலில் ஒரு கையொப்பம் குறைந்தது. வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் போகலாம் என்று அவள் கார்டை மட்டும் டைரியின் பின்னட்டை உறைக்குள் வைத்தேன்.

அடுத்த வாரம் டிக்கெட் வந்துவிட்டது. டைரியோடு கார்டும் விமானம் ஏறியது.

இங்கே வந்த முதல் மாதங்களில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்தநாள் வீட்டில் இங்கே எல்லார் கையையும் பிடித்து ஒரே வாழ்த்துச் சொல்லைச் சொல்ல வேண்டும், மாமனார் கொழுந்தியாள் உட்பட. எனக்குத் தெரிந்த டச்சு அது ஒன்றுதான். மேலதிகாரியின் தாயார் இறந்தபோது துக்கம் கேட்கப் போனேன். வரிசையாக நின்றவர்கள் கையைப் பிடித்து எல்லாருக்கும் அந்த வாழ்த்தையே சொல்லிவிட்டு வந்தேன். நல்ல மனிதர்கள், ஒருவரும் அடிக்கவில்லை.

வருடம் முடிந்து புது டைரிக்கு மாறும்போது பழைய டைரியின் உறையில் கார்டு இருந்தது. சலுகைக் காலமும் முடிந்திருந்தது. மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு மலர்க்கொடிக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதினேன். இந்த ஊர் அதிசயங்களுக்கு நடுவே ஒரு வரி: "உன் கார்டைப் புறப்படும் முன் ஜன்னலில் கொடுத்துவிட்டேன், திரும்ப வரவில்லை என்றால் அவர்கள்தான் எங்கேயோ தொலைத்திருப்பார்கள்."

காத்தையன் தஞ்சாவூர் போய் அந்தக் குமாஸ்தாவோடு சண்டை போட்டுவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மலர்க்கொடி மறுபடி பதிந்தாள். அவள் முறை வரவே இல்லை. டியூஷன் எடுத்தாள், மகளிர் குழு நடத்தினாள், ஊராட்சியில் நின்றாள், ஒன்றியத்தில் நின்றாள். அப்பா பிடித்த கொடி வேறு, இவள் பிடித்த கொடி வேறு. கடைசியில் கோட்டைக்குப் போய்விட்டாள். "கார்டு தொலைஞ்சதும் நல்லதுக்குத்தான், இல்லாட்டி டீச்சராவே இருந்து ரிட்டயர்டு ஆயிருப்பா" என்று ஊரில் சொல்வார்கள். போனில் அதைக் கேட்கும்போதெல்லாம் நான் "ஆமாமா" என்று சொல்லியிருக்கிறேன்.

6

செவ்வாய்க்கிழமைப் போனுக்கு வருகிறேன்.

"கோபாலு, வேலையா இருக்கியா?"

"எம்.எல்.ஏ. கூப்பிட்டா வேலையா இருக்கேன்னு சொல்ல முடியுமா? சொல்லு."

"கிண்டல அப்புறம் வச்சுக்க. என் கார்ட நீ ஜன்னல்ல குடுத்த தேதி வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணும். சபையில சொல்லிட்டேன். குடுக்கலன்னா அந்த ஆளு நான் பொய் சொன்னேன்னு உரிமைப் பிரச்சனை கெளப்புவாரு. இனிமே நான் எதைக் கேட்டாலும் 'மொதல்ல தேதி எங்கம்மா'ம்பாங்க."

"டைரி எல்லாம் மாடியில பெட்டிக்குள்ள..."

"உனக்கு எதுக்கு டைரி? எங்க வீட்டு ஆடு குட்டி போட்ட தேதிய வாயாலயே சொல்றவன் நீ."

"பாத்துச் சொல்றேன் மலரு."

"பாத்துச் சொல்றியா?"

பிறகு, "சரி. பாத்தே சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

மாடிக்குப் போனேன். டைரி இருந்த இடம் எனக்குத் தெரியும். கார்டும் அதே உறையில்தான் இருந்தது. ஒரு தேதியை எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனியில் ஏதாவது ஒரு புதன்கிழமை. யார் சரிபார்க்கப் போகிறார்கள்? நாற்பது வருடமாக ஒரு தேதியைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாதவன், பொய்யான புதன்கிழமை ஒன்றைத் தேடிக் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

என் மகள் யாழினி காபிக் கோப்பையோடு மேலே வந்தாள். இருபத்தொரு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் யோசிப்பது டச்சில். இந்த ஊர்க்காரர்கள் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என் மீசையைப் பற்றி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கருத்துச் சொன்னவர். என் மகளும் அந்த ஜாதி.

"இது யாருது அப்பா?" என்று கார்டைப் பார்த்தாள். சொன்னேன். சுற்றிவளைத்துத்தான் சொன்னேன். அந்தக் காலம், போன் இல்லை, தபால் மெதுவாக வரும் என்றெல்லாம்.

"அப்போ நீங்க மறந்தீங்க. அப்புறம் பொய் சொன்னீங்க. இப்போ இன்னொரு பொய் தேடுறீங்க" என்றாள்.

"அப்படிச் சொல்லக்கூடாதும்மா. நம்ம பக்கத்துல இதுக்கு வேற மாதிரி..."

"வேற மாதிரி எப்படி சொல்வாங்க?"

யோசித்துப் பார்த்தேன். வேறு மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. காபியைக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள். அவளுக்குத் தமிழ் போதாது என்று வாசுகியிடம் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வேன். அன்றைக்கு அது போதுமானதாகவே இருந்தது.

7

வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு நானே கூப்பிட்டேன்.

"மலரு, தேதி இல்ல."

"டைரில எழுதலியா?"

"நடக்கவே இல்ல. நான் குடுக்கல. கார்டு எங்கிட்ட இருக்கு."

பின்னால் ஒரு ஆள், "அக்கா, டீ" என்றார். "அங்க வைங்க. கதவச் சாத்திட்டுப் போங்க" என்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"உங்கிட்டன்னா, அந்த ஊர்லயா?"

"ஆமா. டைரி உறைக்குள்ள வந்துடுச்சு. அப்புறம்..."

"அப்புறம் லெட்டர் போட்ட. அது அப்பாவோட பட்டா இருக்கிற பொட்டியில இருக்கு." நிதானமாகத்தான் பேசினாள். "அதுல பிளேன் ஏறுன தேதி, மணி எல்லாம் போட்டிருக்க. மொத மொத பனி விழுந்த தேதி போட்டிருக்க. நீ பூட்ஸ் வாங்குன தேதிகூட இருக்கு. கார்ட ஜன்னல்ல குடுத்தேன்கிற வரியில மட்டும் தேதி இல்ல. அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டு? குத்தகைக்காரன் மவன்கிட்ட குடுக்காதன்னு அப்பா மொதல்லயே சொன்னாரு. அவரு சொன்னது சரியாப் போயிடுமேன்னு கேக்கல. அவரு போற வரைக்கும் அந்த குமாஸ்தாவத்தான் வஞ்சுகிட்டு இருந்தாரு. நானும் அதையே சொல்லிச் சொல்லி, நெசம்னே ஆயிடுச்சு. சபையில சொன்னப்ப எனக்கு நாக்கு கூசவே இல்ல. முந்தாநாள் நீ பாத்துச் சொல்றேன்னியே, அப்பதான் கூசிச்சு."

"கண்டுபிடிச்சப்போ கெடு முடிஞ்சு போயிருந்துச்சு மலரு. சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு..."

"கெடு முடிஞ்சுதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட. எங்கப்பா எத்தனை கெடு முடிஞ்சப்புறம் மனு போட்டு அந்தப் பட்டாவ வாங்குனாருன்னு உனக்குத் தெரியாதா? உன் டைரில இல்லாமயா இருக்கும்? நான் மனு போட்டிருப்பேன் கோபாலு. கெடைச்சிருக்குமோ இல்லியோ. போட்டிருப்பேன்ல?"

மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் அவள் அதைத் தாண்டிப் போனாள்.

"இப்ப சபையில என்ன சொல்லுவ?" என்றேன்.

"நடந்தத சொல்லுவேன். அந்த குமாஸ்தா உசுரோட இருக்காரோ இல்லியோ, அவரு பேருல இருக்கிற பழிய எடுக்கணும்."

"என் பேரு..."

"பயப்படாத. சபைக்கு வந்து பதில் சொல்ல முடியாதவங்க பேரச் சொன்னா அவைக்குறிப்புலேருந்து எடுத்துடுவாங்க." அன்றைக்கு முதன்முதலாக அவள் குரலில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. அதுவும் சட்டென்று போய்விட்டது. "ஆமா, அந்த ஊர்ல ரினீவல் எல்லாம் எப்படி? நீ மறந்தா யாரு கேக்கிறது?"

செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அவங்களே லெட்டர் போடறாங்களா? மறந்துடாதீங்கன்னு?"

"ஆமா. எல்லாத்துக்கும்."

"அதப் போட்டோ எடுத்து அனுப்பு. கார்ட ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பு. ஊருக்கு வர்றப்பக் கொண்டாரேன்னு மட்டும் சொல்லிடாத."

8

அடுத்த வாரம் வந்த வீடியோவுக்குத் தாரை தப்பட்டை இல்லை. தவறை ஒப்புக்கொள்வதற்கு என்ன மேளம் வாசிப்பது என்று கட்சிப் பையன்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

"பேரவைத் தலைவர் அவர்களே, என் கார்ட அலுவலகம் தொலைச்சதா போன வாரம் சொன்னேன். அது தப்பு. கார்டு அங்க போய்ச் சேரவே இல்ல. எடுத்துட்டுப் போனவர் மறந்துட்டாரு. அன்னைக்கு அந்த ஜன்னல்ல இருந்த அலுவலர்கிட்ட இந்த அவையில மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

ஆளுங்கட்சி வரிசையில் மேசையைத் தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். அமைச்சர் இரண்டு பக்கமும் திரும்பிப் புன்னகை செய்தார். மலர்க்கொடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தட்டியாச்சுங்களா? இப்ப கேள்விக்கு வர்றேன். மறந்தாரே, அவரு சாதாரண ஆளு இல்லீங்க. எங்க ஊர் வாய்க்கால்ல தண்ணி வந்த தேதி, ஆடு குட்டி போட்ட தேதி எல்லாம் எழுதி வச்சிருக்கிறவரு. அவரே மறந்துட்டாரு. வேலைக்கு அலையற புள்ள மறக்காதா? ஒருத்தர் ஒரு மாசம் மறந்தா ஒன்பது வருசத்த அழிக்கிற விதிய எங்க ஆட்சி போட்டிருந்தாலும் தப்பு, உங்க ஆட்சி போட்டிருந்தாலும் தப்பு. ஓட்டுப் போட பூத் சிலிப்ப வீட்டு வாசல்ல கொண்டாந்து குடுக்கத் தெரியுது. கெடு முடியப்போவுது வாங்கன்னு ஒரு கார்டு போடத் தெரியலியா? எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சும்பீங்க. ஆன்லைன்லயும் மறக்கலாங்க. மறந்துபோய் வரிசையிலேருந்து விழுந்தவங்களுக்கு அவங்க பழைய எடத்தத் திருப்பித் தருவீங்களா, மாட்டீங்களா? தேதி கேட்டீங்களே, எந்தத் தேதிக்குள்ள தருவீங்க?"

இந்தத் தடவை ஆளுங்கட்சி வரிசையிலும் ஓரிருவர் கை மேசைக்குப் போய், பாதியில் நின்றது. அவர்கள் வீட்டிலும் கார்டு இருக்கும்.

அமைச்சர் எழுந்து, உறுப்பினரின் கருத்து பரிசீலிக்கப்படும் என்றார். அந்தச் சொல் என் பழைய டைரிகளில் எத்தனை முறை ஒட்டியிருக்கிறது என்று நான் எண்ணிச் சொல்லப்போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த யாழினி, "பரிசீலிக்கன்னா, செய்வாங்களா?" என்றாள். இதற்கு மட்டும் அவளுக்கு ஊர்த் தமிழ் கொஞ்சம் தேவைப்பட்டது.

9

கார்டை அனுப்பத் தபால் கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த இளம்பெண் ஒரு படிவத்தை நீட்டி, பொருளின் மதிப்பு என்ன என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை சேர்ந்தது. அவள் உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வெறும் காகிதம்தானே?" என்று அவளே பூஜ்யம் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் மலர்க்கொடியிடமிருந்து ஒரு படம் வந்தது. சட்டமன்ற உறுப்பினர் கடிதத்தாளில் அவள் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதியிருக்க வேண்டிய குண்டு குண்டான எழுத்து.

"பொருள்: வேலைவாய்ப்புப் பதிவு அட்டை திருப்பி அனுப்பப்பட்டது தொடர்பாக. அட்டை கிடைத்தது. தாமதம் இருபத்தாறு வருடம். தாமதத்துக்கு மனுதாரர் சொன்ன காரணம் ஏற்கப்படவில்லை. மனுதாரர் அசல் டைரியுடன் நேரில் ஆஜராகி, பட்டாவும் கடிதமும் உள்ள பெட்டியின் முன்னிலையில் விளக்கம் சொல்லவும். ஆஜராக வேண்டிய தேதி:"

அதற்குப் பிறகு ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தாள். கீழே சின்னதாக, "இந்த வரியில நீயே போடு."

சனிக்கிழமை காலை டிக்கெட் எடுத்தேன். அதன் பிறகுதான் அந்தப் படத்தைத் தாளில் அச்செடுத்து, கோட்டின் மேல் பேனாவால் நாள், மாதம், கிழமை எழுதினேன். திருப்பி அனுப்புவதற்கு முன் கழிப்பறைக் காலண்டரிலும் குறித்துக்கொண்டேன்.